நிலம் நம்முடையது, எண்ணெய் யாருடையது?

சென்ற பொங்கல் விழாவின்போது, வைட்ஃபீல்டில் ஒரு குடியிருப்பு வளாகத்தின் சமுதாயக் கூடத்தில் பந்தி முடிந்து வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டிருந்தோம். அப்போது இளைஞர் ஒருவர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். மென்பொருள் துறையில் வேலை. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஐந்தாண்டு இருந்துவிட்டுத் திரும்பியவர். சொந்த ஊர் திருவாரூர்ப் பக்கம்.

"சார், ஹூஸ்டனில் எங்கள் வீட்டுக்காரருக்கு ஊர்ப்புறத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. அதில் ஒரு எண்ணெய்க் கிணறு. மாதம் பிறந்தால் கம்பெனியிலிருந்து அவருக்குக் காசோலை வந்துவிடும். எங்கள் தாத்தா நிலத்திலும் எண்ணெய்க் கிணறு இருக்கிறது. குத்தகையைப் புதுப்பிக்கக் கையெழுத்துக் கேட்டு அப்பாவுக்குக் கடிதம் வந்திருக்கிறது. நாங்களும் எண்ணெயில் பங்கு கேட்கலாமா?" என்றார்.

நியாயமான கேள்விதான். பெங்களூரில் வாழும் நம்மில் பலருக்கு இன்னும் தஞ்சை, நாகை, மயிலாடுதுறை, கடலூர்ப் பக்கங்களில் பிதுரார்ஜித நிலம் இருக்கிறது. யாரோ உழுகிறார்கள்; ஆண்டுக்கு ஒரு முறை நெல்லோ பணமோ வருகிறது. இத்தகைய கடிதம் வந்தால் படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவர்களே அதிகம். நானும் ஒரு காலத்தில் அப்படிச் செய்தவன்தான். அதனால் அன்று அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

அடியில் இருப்பது யாருக்கு?

அமெரிக்காவில் தனியார் நிலத்துக்கு அடியில் உள்ள எண்ணெயும் எரிவாயுவும் நில உடைமையோடு சேர்ந்தவை. 1859-ல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் டிரேக் என்பவர் எண்ணெய்க் கிணறு தோண்டிய காலத்திலிருந்தே, நிலக்காரரிடம் குத்தகை பேசித்தான் கம்பெனிகள் தோண்டுகின்றன. கையெழுத்திடும்போது ஒரு தொகை. எண்ணெய் வந்தால் விளைச்சலில் ஒரு பங்கு. பழைய வழக்கப்படி அது எட்டில் ஒரு பங்கு. இப்போது அதற்கு மேலும் பேசி வாங்குகிறார்கள். அங்கே மேல்நிலத்தை ஒருவருக்கும் அடிநிலத்தின் கனிம உரிமையை வேறொருவருக்கும் தனித்தனியே விற்கவும் முடியும். மேல்நிலம் மட்டும் உள்ளவர், தம் வயலில் பிறர் துளையிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

உலகில் பெரும்பாலான நாடுகளில் இந்த முறை இல்லை. இங்கிலாந்திலேயே 1934-ல் ஒரு சட்டம் இயற்றி, மண்ணுக்கு அடியிலுள்ள பெட்ரோலியம் முழுவதையும் அரசுடைமை ஆக்கிவிட்டார்கள்.

நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் சட்டமும், அதன்கீழ் 1959-ல் வந்த பெட்ரோலியம், இயற்கை எரிவாயு விதிகளுமே அடித்தளம் அமைத்தன. அந்தச் சட்டம் 2025-ல் திருத்தப்பட்டது. எண்ணெய் தேடவும் எடுக்கவும் உரிமமோ குத்தகையோ தரும் அதிகாரம் அரசிடமே உள்ளது. பட்டாதாரர் அதைத் தர முடியாது.

2013 ஜூலையில் மலபார் ஜென்மி நிலங்கள் தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், வேறு சட்டம் ஒன்று பறிக்காதவரை அடிமண்ணின் உரிமை நிலத்தின் உரிமையைத் தொடர்ந்தே செல்லும் என்று சொன்னது உண்மை. அதைப் படித்துவிட்டு ஆசைப்படுவோர் உண்டு. ஆனால் உரிமை யாருக்கு என்பது வேறு, தோண்ட அனுமதி யாரிடம் என்பது வேறு. அரசின் அனுமதி இல்லாமல் ஒரு சொட்டு எண்ணெயும் வெளியே வராது.

அப்படியானால் அந்த எட்டில் ஒரு பங்கு எங்கே போகிறது? 2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த கொள்கையின்படி, நிலப்பகுதியில் எடுக்கும் கச்சா எண்ணெய்க்கு ராயல்டி நூற்றுக்குப் பன்னிரண்டரை, எரிவாயுவுக்குப் பத்து. பன்னிரண்டரை என்பது சரியாக எட்டில் ஒன்று! டெக்சாஸ் விவசாயியின் பங்காக இருந்த அதே கணக்கு, இங்கே மாநில அரசின் கருவூலத்துக்குச் செல்கிறது. கடலுக்குள் எடுத்தால் மத்திய அரசுக்கு.

ஆகவே நண்பரின் அப்பாவுக்கு வந்த கடிதம் கனிமக் குத்தகை அல்ல. மேல்மண்ணுக்கான குத்தகை மட்டுமே. இதைக் கேட்டதும் அவர் முகம் வாடியது. "அப்படியானால் பேசுவதற்கு ஒன்றும் இல்லையா சார்?" என்றார். நம்மிடம் இருப்பது மேல்மண் ஒன்றுதான் என்பதால்தான், அதைப் பற்றி நிறையப் பேச வேண்டும் என்றேன்.

காவிரிப் படுகையில்

எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகம் 1956-ல் தொடங்கப்பட்டது. காவிரிப் படுகையில் அவர்களுடைய முதல் ஆழ்கிணறு 1964-ல் காரைக்காலில் தோண்டப்பட்டது. எண்பதுகளில் நரிமணம், கோவில்களப்பால் பகுதிகளில் எண்ணெய் கிடைத்தது. 1993-ல் நாகூரை அடுத்த பனங்குடியில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன் திறனுள்ள சிறு சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. அந்நாளில் தஞ்சை மாவட்டமே குவைத் ஆகிவிடும் என்று டீக்கடைகளில் பேசிக்கொண்டார்கள்.

வேலை நடக்கும் முறை இது. முதலில் நிலநடுக்க ஆய்வு: சிறு துளைகளில் வெடி வைத்து, அந்த அதிர்வு அடிப்பாறைகளில் பட்டுத் திரும்புவதைக் கருவிகளால் பதிவு செய்வார்கள். இதில் பயிர்ச் சேதம் மட்டுமே. இடம் குறித்ததும் மூன்று ஏக்கருக்குக் குறையாமல் குத்தகைக்கு எடுப்பார்கள். கனரக லாரிகளும் துளையிடும் கோபுரமும் நிற்பதற்காக வயலில் கிராவல் கொட்டி, உருளை ஓட்டி, மேடாக்குவார்கள். துளையிட உதவும் சேற்றுக் கலவைக்குக் குழிகள் வெட்டுவார்கள். துளைக்குள் எஃகுக் குழாயை இறக்கி, அதற்கும் மண்ணுக்கும் நடுவே சிமெண்டுக் கலவை செலுத்துவார்கள். நிலத்தடி நீரோடு எண்ணெய் கலக்காமல் காப்பது அதுதான். எண்ணெய் கிடைத்தால் பல ஆண்டு இருப்பார்கள். கிடைக்காவிட்டால் சிமெண்டால் அடைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

போகும்போது நிலம் எந்த நிலையில் நம் கைக்கு வருகிறது என்பதே கேள்வி.

நான் எடுக்காத மட்டம்

1996-ல் எங்கள் குடும்ப நிலத்தில் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், இப்படிக் குத்தகைக்குப் போயிற்று. எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. நான் அப்போது ரயில்வேயில் இருப்புப் பாதைப் பிரிவில் பங்காரப்பேட்டையில் இருந்தேன். சித்தப்பா ஒரு நாள் பத்திரத்தோடு வந்தார். "மூன்று போகத்து லாபத்தை ஒரே ஆண்டில் தருகிறார்கள், போடு தம்பி" என்றார். போட்டேன். அம்மா போட்ட காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அந்தக் கிணற்றில் எண்ணெய் கிடைக்கவில்லை. மூன்றாம் ஆண்டு கம்பெனி நிலத்தை விட்டுப் போய்விட்டது. விடுப்பில் சென்று பார்த்தபோதுதான் விவரம் புரிந்தது. எங்கள் ஒன்பது மாவும் பக்கத்து வயல்களைவிட ஒரு சாணுக்கு மேல் உயர்ந்து நின்றது. வாய்க்கால் தண்ணீர் ஏறவில்லை. மேட்டின் குறுக்கே பழைய வடிகால் அடைபட்டதால், மேற்கே இருந்த பக்கத்துக்காரர் வயலில் மழைத் தண்ணீர் தேங்கி இரண்டு சம்பா அழுகிப்போயிற்று. டெல்டாவில் நிலச்சரிவு மிகக் குறைவு. சில அங்குலம் மாறினாலே பாசனம் பிசகிவிடும். கிராவலை அள்ளும்படி எழுதிக் கேட்டோம். நிலத்தை முன்பிருந்தபடி திருப்பித் தர வேண்டும் என்று பத்திரத்தில் ஒரு வரியும் இல்லை என்று பதில் வந்தது. பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். அவர்கள் சொன்னது சரி.

வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பணிக்காலம் முழுவதும் டம்பி லெவல் கருவியைத் தோளில் சுமந்து, தண்டவாளத்துக்கு மட்டம் எடுத்தவன் நான். கரை போடும்போது மண்ணை எப்படி இறுக்குவது என்பது என் தொழில். இறுகிய மண்ணில் நாற்று வேர் விடாது என்பதும் தெரியும். ஊரார் நிலத்துக்கெல்லாம் மட்டம் எடுத்தவன், என் தகப்பனார் நிலத்துக்கு மட்டம் எடுக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. அந்த நிலத்தை இருபது ஆண்டுக்கு மேல் உழுதவரிடம் எங்களில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குத்தகைப் பணம் எங்கள் வங்கிக் கணக்குக்கு வந்தது. அவருக்கு வேலை போயிற்று. ஒரு போகத்துப் பயிர்ச் சேதத் தொகையையாவது கொடுத்தோமா என்றால், அதையும் சித்தப்பா "பிறகு பார்க்கலாம்" என்றார். அவர் குடும்பத்தோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். சில ஆண்டு கழித்து என் பங்கிலிருந்து ஒரு தொகையை எடுத்துக்கொண்டு தேடிப் போனேன். வாங்கிக்கொண்டார். "வயல் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

கையெழுத்துக்கு முன்

பட்ட பாட்டில் கற்றவற்றை வரிசையாகத் தருகிறேன். வழக்கறிஞர் ஒருவரிடமும் காட்டிக்கொள்வது நல்லது.

முதலாவது, பட்டா யார் பெயரில் என்று பாருங்கள். கூட்டுப் பட்டாவானால் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். சகோதரிகளை மறக்க வேண்டாம். 2005-ல் திருத்தப்பட்ட வாரிசுரிமைச் சட்டம் பிதுரார்ஜிதத்தில் மகளுக்கும் சம பங்கு தருகிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரிலுள்ள உறவினருக்குப் பொதுவான 'பவர்' எழுதிக் கொடுப்பதைவிட, இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுப்பது பாதுகாப்பு.

இரண்டாவது, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். முத்திரைச் செலவு யாருடையது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் தொகை எவ்வளவு உயரும், புதுப்பிக்கும் உரிமை இரு தரப்புக்குமா ஒரு தரப்புக்கா என்பவையும் அதில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, நிலத்தை ஒப்படைக்கும் முன்பு மட்டக் கணக்கு எடுத்து, அளவையரிடம் கையொப்பம் பெற்று ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கோயில் படி, மதகுச் சுவர் போன்ற அசையாத ஒன்றை அடையாள மட்டமாகக் கொள்ளலாம். நான்கு மூலைகளிலும் புகைப்படம் எடுங்கள். மண்ணையும் பக்கத்துக் கிணற்று நீரையும் பரிசோதித்து, உப்பின் அளவு என்ன என்று எழுதி வாங்குங்கள். பிற்பாடு தண்ணீர் கெட்டது என்று சொன்னால், முன்பு நன்றாக இருந்ததற்குச் சான்று கேட்பார்கள்.

நான்காவது, மேல்மண் ஓர் அடியைத் தனியே எடுத்துக் குவித்து வைத்து, போகும்போது அதையே பரப்ப வேண்டும் என்று எழுதுங்கள். கிராவலை அகற்றுதல், சேற்றுக் குழிகளை மண்ணிட்டு மூடுவதற்கு முன் கழிவை வெளியேற்றுதல், அடைபட்ட வாய்க்காலையும் வடிகாலையும் திறந்துவிடுதல், பழைய மட்டத்துக்குக் கொண்டுவருதல் ஆகிய நான்கும் கம்பெனியின் பொறுப்பு என்று இருக்க வேண்டும். இவை முடிந்ததை நாம் எழுத்தில் ஒப்புக்கொள்ளும் வரை குத்தகைத் தொகை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இந்தக் கடைசி வரிதான் மற்ற வரிகளுக்கெல்லாம் காவல்.

ஐந்தாவது, இது விவசாய வருமானம் அல்ல. துளையிட விட்ட நிலத்தின் வாடகைக்கு வருமான வரிக் கணக்கில் விலக்குக் கேட்க முடியாது.

குழாய் போகும் நிலம்

கிணறு இல்லாவிட்டாலும் குழாய் வரலாம். அதற்கான சட்டம் 1962-ஆம் ஆண்டினது. இதில் நிலம் நம்முடையதாகவே இருக்கும். அடியில் குழாய் பதித்துப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் அரசு எடுத்துக்கொள்ளும். அறிவிப்பு வந்த 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். ஊரில் இல்லாதவர்கள் தவறவிடுவது இந்தக் கெடுவைத்தான். சேதத்துக்கான இழப்பீடு தவிர, நிலத்தின் சந்தை மதிப்பில் நூற்றுக்குப் பத்து தருவார்கள். அதன்பின் அந்தப் பட்டையில் நெல் விதைக்கலாம். வீடு கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் வைக்கவோ கூடாது. தென்னந்தோப்புக்காரருக்கு இதன் பொருள் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

கெயில் நிறுவனத்தின் கொச்சி–பெங்களூர்–மங்களூர்க் குழாய், கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட விவசாய நிலங்கள் வழியே வருவதாக இருந்தது. நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொல்லித் தமிழக அரசு 2013-ல் தடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 பிப்ரவரியில் கெயிலுக்குச் சாதகமாக முடிந்தது. மாநில அரசே வாதாடி முடியாத இடத்தில், தனி விவசாயிக்கு 21 நாள் எவ்வளவு விலையுயர்ந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

உழுகிறவரும் ஊரும்

தமிழ்நாட்டில் சாகுபடி செய்யும் குத்தகைதாரருக்கு 1955 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. 1969-ன் சட்டப்படி அவர் பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்றவும் வழி உண்டு. பெயர் ஏறியிருந்தாலும் இல்லாவிட்டாலும், பயிர்ச் சேதத் தொகை உழுதவருக்கே உரியது என்பது என் கருத்து. மேல்நிலத் தொகையிலும் அவருக்கு ஒரு பங்கைப் பத்திரத்திலேயே எழுதிவிடலாம். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள். வாய்க்கால் எங்கே, மடை எங்கே, எந்த மூலை தாழ்வு என்று நம்மைவிட அவருக்கே தெரியும்.

ஊரின் சொல்லையும் கேட்க வேண்டும். தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் 691 சதுர கிலோமீட்டரில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க 2010-ல் ஒப்பந்தம் ஆயிற்று. நிலத்தடி நீரை வெளியேற்றினால்தான் அந்த வாயு வரும் என்றதும் ஊர்கள் எழுந்தன. அதற்காக ஊர் ஊராகப் பேசிவந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். 2015-ல் தமிழக அரசு அத்திட்டத்தை நிராகரித்தது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு அனுமதித்த 31 சிறு எண்ணெய் வயல் ஒப்பந்தப் பகுதிகளில் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலும் ஒன்று. மாதக்கணக்கில் போராட்டம் நடந்தது. முன்பே கிணறு தோண்ட நிலம் குத்தகைக்கு விட்டிருந்த குடும்பங்களும் அங்கே இருந்தன. அதே ஆண்டு ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியது.

2020-ல் தமிழகச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. டெல்டா மாவட்டங்களிலும், கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களிலும் புதிதாக எண்ணெய், எரிவாயு தேடவும் எடுக்கவும் அது தடை விதிக்கிறது. ஏற்கெனவே நடந்துவரும் பணிகளை அது நிறுத்தவில்லை. மண்டலத்துக்கு வெளியே கேள்வி திறந்தே இருக்கிறது: ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 சோதனைக் கிணறுகளுக்கு 2025-ல் அனுமதி தரப்பட்டது, எதிர்ப்பு எழுந்ததும் அதைத் திரும்பப் பெறும்படி மாநில அரசு அறிவுறுத்தியது.

நான் எண்ணெய்க்கு எதிரி அல்ல. வைட்ஃபீல்டை அடுத்த தேவனகொந்தியில் பெட்ரோல் டாங்க் வேகன்கள் நின்ற பாதையைப் பராமரித்தவன். நம் அடுக்குமாடிச் சமையலறைகளில் குழாய் எரிவாயு எரிகிறது. அந்தக் குழாய் யாரோ ஒருவர் வயல் வழியேதான் வருகிறது. நம் வயலில் மட்டும் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் எடுப்பவர் போன பிறகும் நிலம் நிலமாக இருக்க வேண்டும்.

வைட்ஃபீல்ட் நிலையத்தில் நின்றால் மாரிக்குப்பம் போகும் ரயிலைப் பார்க்கலாம். அது தங்கவயலின் கடைசி நிலையம். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தங்கம் எடுத்தது. மைசூர் அரசு ராயல்டி வாங்கியது. வடார்க்காட்டிலிருந்து போன நம் தமிழ் மக்கள் சுரங்கத்தில் இறங்கினார்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கமும் போயிற்று, ராயல்டியும் நின்றது. சயனைடு கலந்த மண் மேடுகள் மட்டும் இன்றும் ஊருக்கு நடுவே நிற்கின்றன. காற்றடித்தால் அந்தத் தூசு வீட்டுக்குள் வருகிறது. அதை அள்ள வேண்டும் என்று யாரும் முதலிலேயே எழுதி வைக்கவில்லை.

பொங்கல் கழிந்து மூன்று வாரத்தில் அந்த இளைஞர் தொலைபேசியில் பேசினார். தந்தையும் அத்தைகளும் நிலத்தை உழுதவரின் மகனும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்களாம். திருத்தங்களோடு பதில் அனுப்பியிருக்கிறார்கள். கம்பெனி சிலவற்றை ஏற்றது, சிலவற்றுக்கு அவகாசம் கேட்டிருக்கிறது. "மட்டம் எடுக்க ஆள் வேண்டும் சார்" என்றார்.

வருகிற ஞாயிறு இரவு ரயிலில் நானே போகிறேன். கருவியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.